மல்லிகா வெட்டிய கடைசி வரி

1

என் மகள் எழுதிய அரைப் பக்கத்துக்கு அவள் பள்ளிக்கூட மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைத் தொட்டு, "உங்கள் பெண்ணா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது.

எனக்கு பிரெஞ்சு மெதுவாகத்தான் ஏறும். கடைக்கும் மருத்துவருக்கும் வேலைக்கும் போதுமான அளவு வைத்திருக்கிறேன். மேடையில் யாராவது வேகமாக வாசித்தால், மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துவிட்டு, அர்த்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துப் பார்ப்பேன். கல்யாணமாகி பாரீசுக்கு வெளியே இந்த அடுக்குமாடிக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். அன்றைக்கு என் காதில் விழுந்தது இரண்டு சொல்: 'என் அம்மா', 'இட்லி'. ஏதோ நம் சாப்பாட்டைப் பற்றிக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து காயத்ரியிடம் தாளை வாங்கினேன். சமையலறையில் நின்றபடி வரி வரியாகப் படித்தேன். படித்து முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு, ஒரு நகைச்சுவைத் துணுக்கைப் படித்துவிட்டு ஒருத்தி ஏன் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வேண்டும் என்று தோன்றும். அதற்கு முதலில் மல்லிகாவைச் சொல்ல வேண்டும்.

2

மல்லிகா புதுச்சேரிக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கிற வீராம்பட்டினத்துப் பெண். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இரண்டு பேரும் தமிழ் படித்தோம். வகுப்பில் எது நடத்தினாலும் அவள் அதை நாலு வரியில் துணுக்காக்கிவிடுவாள். வாரப் பத்திரிகைகளுக்குத் தபால் கார்டில் எழுதி அனுப்பினோம். வசந்தா, மல்லிகா என்ற இரண்டு பெயரையும் ஒட்டி 'வசமல்லி' என்று போட்டுக்கொண்டோம். எங்களில் ஆரம்பிப்பது நான், வெட்டுவது அவள்.

ஒரு முறை நான் எழுதியது இப்படி இருந்தது:

தரகர்: "மறைக்காம சொல்லிடறேன். பையன் குடிப்பான். சீட்டாடுவான். வேலையில நிலைக்க மாட்டான்."

பெண்ணின் அப்பா: "நேஷனாலிட்டி?"

தரகர்: "இருக்கு."

பெண்ணின் அப்பா: "காபி சாப்பிடுங்க."

இதற்குக் கீழே நான் இன்னும் ஒரு வரி எழுதியிருந்தேன். பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தால் எந்தக் குறையும் குறையாகத் தெரியாது என்று அந்த அப்பா நினைத்துக்கொண்டதாக. மல்லிகா அதைக் கோடு கிழித்து அடித்தாள்.

"ஏன்டி, நல்லாதான இருக்குது?" என்றேன்.

"நல்லாதான் இருக்குது. ஆனா மீனுல முள்ளையெல்லாம் நீயே எடுத்துட்டு வாயில ஊட்டிவுட்டா, திங்கிறவன் என்ன பச்சப் புள்ளையா? அவனுக்கும் கொஞ்சம் வேல குடு."

"புரியலன்னா?"

"புரியாதவன் பக்கத்தத் திருப்பிட்டுப் போவான். நீ வெளக்கிட்டா புரிஞ்சவனும் போயிடுவான். எவளாச்சும் துணுக்க வெளக்குனா அவ டீ வாங்கணும். இன்னியிலேருந்து இதான் சட்டம்."

அன்றைக்கு டீ என் செலவு. அந்தச் சட்டத்தின்படி நான்தான் பெரும்பாலும் வாங்கினேன். ஆனால் கற்றுக்கொண்டேன். சின்ன நகைச்சுவை சொற்களில் இல்லை, சொல்லாமல் விட்ட இடத்தில் இருக்கிறது. பெரிய விஷயத்தின் பக்கத்தில் ஒரு சின்ன விஷயத்தை வைத்துவிட்டு எழுதியவர் நகர்ந்துவிட வேண்டும். நின்று முகத்தைப் பார்க்கக் கூடாது. குடியையும் சீட்டையும் வேலையில்லாததையும் ஒரு டம்ளர் காபி மூடிவிடுகிறது. அவ்வளவுதான் அந்தத் துணுக்கு.

அது அச்சில் வந்த மறு வருடம் எங்கள் வீட்டில் ஒரு தரகருக்குக் காபி கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊர்ப் பேச்சில் 'சொல்தா' குடும்பம், பிரெஞ்சுப் பென்ஷன், பையனுக்கும் நேஷனாலிட்டி. என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அன்று யாரும் அதை விசாரிக்கவில்லை. உள்ளே தட்டில் பூ அடுக்கிக்கொண்டிருந்த மல்லிகா என்னைப் பார்த்து, "பாத்தியா, நம்ம துணுக்கு ஓடுது," என்றாள்.

3

இங்கே வந்த பிறகு நான் எழுதவில்லை. சிரிப்பு வருவதற்கு ஊர் பாஷையும் ஊர் ஆளும் வேண்டும்.

நான் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன். புதுச்சேரியில் பாடமாகப் படித்த பிரெஞ்சு என்பதால் எனக்கு மரியாதைப் பன்மைதான் வாயில் வரும். முதல் மாதம் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் "ஐயா, தாங்கள் கேரட்டை முடிக்கவில்லையே" என்கிற மாதிரிப் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் மேசையில் விழுந்து சிரித்தார்கள். இன்றைக்கும் சில பேர் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணங்கிக் காட்டுகிறார்கள். எம்.ஏ. பட்டத்தை இந்த ஊர் எதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் என்று கேட்டு எழுதியதற்குப் பதில் வந்தது. எதற்கும் சமமில்லை என்பதை மிக மரியாதையாக, பன்மையில் எழுதியிருந்தார்கள்.

மாதம் ஒரு முறை ஃபோன் கார்டு வாங்கி மல்லிகாவைக் கூப்பிடுவேன். அவள் ஊரிலேயே கல்யாணம் செய்துகொண்டு, கடலைப் பார்த்த வீட்டில் இருந்தாள். புருஷனுக்குப் படகு. எனக்கு நடப்பதையெல்லாம் அவளிடம் கொட்டுவேன், அவள் வெட்டித் திருப்பித் தருவாள். இங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பிறப்புச் சான்று கேட்பார்கள். அதுவும் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஊருக்கு எழுதி, அண்ணன் அலைந்து வாங்கி அனுப்பி, அது வந்து சேருவதற்குள் பழசாகிவிடும். இதை ஒரு கார்டு முழுக்க அழுதுகொண்டே சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒனக்கென்னடி, மூணு மாசத்துக்கு ஒருவாட்டி புதுசாப் பொறக்கிற," என்றாள். அந்த வாரம் முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அவளுக்கு அப்படிப் பிறக்க வழியில்லை.

காயத்ரி இங்கே பிறந்தவள். வயது பதினாறு. நான் தமிழில் கேட்டால் அவள் பாதி தமிழில் பதில் சொல்லுவாள். நான் பயந்த சுபாவம். பஸ் தாமதமானால் ஜன்னலில் நிற்பேன், பூட்டிய கதவைத் திரும்பப் போய் ஆட்டிப் பார்ப்பேன். அவளுக்கு அதெல்லாம் வேடிக்கை. தோழிகளிடம் என் குரலில் பேசிக்காட்டுகிறாள் என்று தெரியும். தெரியாத மாதிரி இருப்பேன். எந்த ரூபத்திலாவது அவள் வாயில் நான் இருக்கிறேனே என்று ஒரு ஆறுதல்.

4

இனி அவள் எழுதியது. பிரெஞ்சில் இன்னும் கூர்மையாக இருக்கும். என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்.

"அன்று காலை தொலைக்காட்சியில் கடல் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. என் அம்மாவின் ஊர். அம்மா தொலைபேசியை எடுத்தாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி எடுத்தாள். கிடைக்கவில்லை. அப்பா ஓடிப்போய் இன்னும் கார்டு வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் காலையில் யாரும் சாப்பிடவில்லை, மதியமும் சாப்பிடவில்லை. அம்மா எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டாள். அவர்கள் லைனும் கிடைக்கவில்லை. சாயங்காலம் மாமா எடுத்தார். மாமா உயிரோடு இருந்தார். அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு முதல் கேள்வி கேட்டாள்: 'சாப்டியாண்ணே?' இட்லி, என்றார் மாமா. மாவு புளித்திருக்கிறதா, என்றாள் அம்மா. கொஞ்சம், என்றார் மாமா. உலக நாடுகள் கப்பல் அனுப்பிக்கொண்டிருந்தன. அம்மா கேட்டாள்: 'சட்னியா, சாம்பாரா?'"

இவ்வளவுதான். இதற்குத்தான் மண்டபம் சிரித்தது. சிரிக்க வேண்டியதுதான். அதை எழுதியவள் என் மகள் இல்லையென்றால், அந்த அம்மா நான் இல்லையென்றால், நானும் அந்த அம்மாள் மாதிரி கண்ணைத் துடைத்திருப்பேன். எவ்வளவு கச்சிதம் பாருங்கள். கடலுக்கும் இட்லிக்கும் நடுவில் ஒரு சொல்கூட விளக்கம் இல்லை. நம் ஆட்கள் ஃபோனை எடுத்ததும் கேட்கிற கேள்வி அது. தீ பிடித்தாலும் அதைத்தான் முதலில் கேட்போம். அதை அவள் பார்த்திருக்கிறாள். கப்பல்களை எங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள் பாருங்கள். சட்னிக்கு ஒரு வரி முன்னால். இதில் மல்லிகாவின் கை இருந்தது. கடைசி வரிக்கு மேல் ஒரு எழுத்து இல்லை. அந்த இடத்தில் வெட்ட அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

என்னை உட்கார வைத்ததும் அந்த இடம்தான். அன்றைக்கு அந்த ஃபோன் அங்கே முடியவில்லை.

5

எழுத்துகளைத் தொகுத்துச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள், அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று காயத்ரி ஒரு தாளைக் கொடுத்திருந்தாள். எங்கள் நகராட்சி மண்டபத்தில் மறுபடி வாசிப்பும் உண்டு. நகராட்சியை இங்கேயும் மேரி என்றுதான் சொல்கிறார்கள், புதுச்சேரியில் நம் கடற்கரையில் நிற்கிற கட்டடத்தைச் சொல்வது போலவே. நான் கையெழுத்துப் போடவில்லை. தாள் குளிர்பெட்டி மேலேயே கிடந்தது. சனிக்கிழமை காலை அவள் அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, திங்கக்கெழம குடுக்கணும்."

"ம்."

"கோவமா?"

"இல்ல."

"அப்ப நல்லா இல்லையா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமா என்று கேட்டபோது இல்லாத பயம் இந்தக் கேள்வியில் இருந்தது. தபால் கார்டு போட்டுவிட்டு இதழ் வரும்வரை எனக்கும் மல்லிகாவுக்கும் இருந்த அதே பயம்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அந்த எடத்துல நிறுத்தணும்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலியே."

"அப்ப எப்படி நிறுத்தின?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்பாகிட்ட சொல்ல உள்ள போயிட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "ஏன், அப்புறம் மாமா என்ன சொன்னாரு?"

கலை என்று நான் நினைத்தது, ஒரு பிள்ளை அறையை விட்டுப் போனதுதான். டீ வாங்கும் சட்டம் நினைவுக்கு வந்தது. சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். அவள் சிரிப்பு அவளிடமே இருந்திருக்கும். ஆனால் மூன்று வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவளாகவே கேட்டாள். அவள் என்னிடம் எதையாவது கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

சொன்னேன். மாவு புளித்திருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை, அண்ணனாகச் சொன்னது. அவர் பிறந்ததிலிருந்து மாவு புளித்ததா என்று கவனித்தவர் இல்லை. மூலக்குளத்து வீட்டில் தட்டில் விழுவதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறவர். அன்றைக்கு, "உங்க அண்ணி ஊத்திக்கிட்டே இருக்காம்மா, கல்யாண மண்டபத்துல கடலோரத்து ஜனங்க வந்துருக்காங்க, ரெண்டாவது ஈடு வேகுது, மாவு கொஞ்சம் புளிப்பு" என்று அவர் நிறுத்தாமல் இட்லியைப் பற்றிப் பேசினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் எதையோ சொல்ல முடியாமல் சுற்றுகிறார். அடுத்த பேச்சு வந்துவிடக் கூடாது என்றுதான் நான் சட்னியா சாம்பாரா என்று கேட்டேன். அவர் "சட்னிதான்" என்றார். எனக்கு வேறு கேள்வி கிடைக்கவில்லை.

"வசந்தா," என்றார். "மல்லிகா வீடு இல்லம்மா."

"வீடு இல்லன்னா?"

"மல்லிகாவும்."

அந்த நேரம் பார்த்து கார்டில் இருக்கிற பதிவு செய்த குரல் குறுக்கே வந்து, தங்களுக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று மிக மரியாதையாகச் சொன்னது. மல்லிகாவிடம் சொல்லியிருந்தால் அந்தக் குரலோடு நிறுத்தச் சொல்லியிருப்பாள்.

காயத்ரி தாளை மேசை மேல் வைத்தாள்.

"அன்னிக்கு நீ அழுதப்ப நான் கேட்டேன். ஊருல யாரோ ஒருத்தங்கன்னு சொன்ன."

"ஒனக்கு அவளத் தெரியாது."

"நீ சொல்லல. அதான் தெரியல."

பிறகு, "இத எடுத்துடட்டுமா?" என்றாள்.

"வேணாம்."

"அவங்களப் பத்தி எழுதிச் சேக்கட்டுமா?"

"சேத்தா சிரிக்க மாட்டாங்க."

"சிரிக்கணுமா?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

6

மேரி மண்டபத்தில் நல்ல கூட்டம். மேயரின் படம், கொடி, வரிசையாக நாற்காலிகள். என் வீட்டுக்காரர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். அந்த ஃபோன் எப்படி முடிந்தது என்று அவருக்குத் தெரியாது. பெண் நன்றாக எழுதியிருக்கிறாள், பரிசு கிடைக்கலாம் என்ற அளவில் அவருக்குச் சந்தோஷம்.

காயத்ரி மேடைக்கு வந்து வாசித்தாள். பள்ளியில் வாசித்ததைவிட மெதுவாக. இந்தத் தடவை எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சாமிகளின் லைன் கிடைக்கவில்லை என்ற இடத்தில் முதல் சிரிப்பு. 'சாப்டியாண்ணே'வுக்குப் பெரிய சிரிப்பு. மாவு புளித்ததற்கு அதைவிடப் பெரிசு. என் வீட்டுக்காரர்கூடத் தொடையைத் தட்டிச் சிரித்தார். கப்பல்கள் வந்தன. சபை அடுத்ததற்காக ஏங்கி நின்றது.

அவள் நிறுத்தினாள்.

தாளைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. ஒரு பெண் சபை நடுவில் பேச முடியாமல் நிற்கிறாள். அதைப் பார்த்து முன்வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அது பின்னால் பரவியது. அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ அவ்வளவுக்குச் சிரிப்பு ஏறியது. கடைசியில் தாளை நாலாக மடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். பள்ளியில் கேட்டதைவிடப் பெரிய கைதட்டல்.

அவளுடைய ஆசிரியை என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசிக் கேள்வியை எடுத்துவிட்டாள், கவனித்தீர்களா? இதுதான் சரியான முடிவு. எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்கள் பெண்ணுக்குத் தெரிகிறது," என்றார்.

நன்றி என்றேன், மரியாதைப் பன்மையில்.

அவர் சொன்னது சரிதான் என்பதுதான் கொடுமை. கப்பலோடு நிறுத்தியது இன்னும் நல்ல வெட்டு. மல்லிகா பார்த்திருந்தால் அந்தச் சட்னி வரியைத்தான் முதலில் அடித்திருப்பாள். ஒரு குழந்தையின் தொண்டை அடைத்ததை ஒரு மண்டபம் உத்தி என்று எடுத்துக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் அனுப்பிய துணுக்குகளுக்குப் பின்னால் யார் தொண்டை அடைத்திருந்தது என்று ஊரில் எந்த வாசகர் விசாரித்தார்? எனக்காகத் தட்டில் பூ அடுக்கிய அன்று மல்லிகா ஏன் அவ்வளவு வேகமாகத் துணுக்கு சொன்னாள் என்று நானே விசாரிக்கவில்லையே.

7

இந்த டிசம்பரிலும் அந்தத் தேதியில் அண்ணனைக் கூப்பிட்டேன். இப்போதெல்லாம் லைன் உடனே கிடைக்கிறது.

"சாப்டியாண்ணே?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு."

என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீராம்பட்டினம் போய்விட்டு வந்ததாக மட்டும் சொன்னார். கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

காயத்ரி சோஃபாவில் இருந்தாள். முன்பெல்லாம் அந்தக் கேள்வியை நான் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வரும். அதை அடக்கத் தலையணையில் முகத்தைப் புதைப்பாள். அன்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் குரலில் பேசிக்காட்டுவதையும் விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒரு சத்தம் குறைந்திருக்கிறது.

நான் ஃபோனை வைத்ததும், "அம்மா, அவங்க எழுதினது ஏதாவது சொல்லு," என்றாள்.

"யாரு?"

"மல்லிகா அத்த."

யாரும் சொல்லிக் கொடுக்காமல் அத்தை என்றாள். எனக்குத் தரகர் துணுக்கு மட்டும்தான் முழுதாக நினைவில் இருந்தது. அவளுக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டுமே என்று தமிழில் ஒரு முறை, பிரெஞ்சில் ஒரு முறை சொன்னேன். குடி, சீட்டு, வேலை, நேஷனாலிட்டி, காபி. எங்கேயும் ஒரு சொல் கூட்டவில்லை. மல்லிகா வெட்டிய இடத்தில் நிறுத்தினேன்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். இன்னும் இருக்கிறது என்று நினைத்தாள் போல.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"புரியலம்மா. நேஷனாலிட்டி எல்லாருக்குந்தான் இருக்கு. அதுல என்ன சிரிப்பு?"

பிறக்கும்போதே அது கையில் இருந்தவள் அவள். ஒரு ஊரே அதற்காக எதையெல்லாம் விழுங்கியது, யார் யார் வீட்டில் யார் தலையாட்டினார்கள், அவள் எப்படி இந்த சோஃபாவில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாக அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

"காபி சாப்பிடுறியா?" என்றேன்.